பதினோரு ஸஃப்பு

அப்துல் ரஸாக் சொன்ன பொய் ஒரு சொல் அளவுக்குக்கூட நீளமில்லை. "ம்" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு "ம்" மனுசனை மூன்று மாதம் சோறு தண்ணி இறங்காமல் ஆட்டி வைத்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொஞ்சம் பெரிய பொய்யாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம், அது எங்கே முடிகிறது என்றாவது தெரிந்திருக்கும்.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியப் பக்கம் போகிற ரோட்டில் தொலகந்தைச் சந்தி இருக்கிறது. பதினைந்து கடை, ஒரு பஸ் ஹோல்ட், மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம், கீழே மாணிக்கக் குழி தோண்டிவிட்டு மூடாமல் போன வயல். சந்தியில் ரஸாக்குக்கு ஹார்ட்வெயார் கடை. தகரம், ஆணி, மண்வெட்டி, பெயின்ட் எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு எதிரே பள்ளிவாசல். 2003இல் அடித்த மழையில் மலைப்பக்கம் சரிந்து வந்து பள்ளியின் பின்சுவரில் மோதி நின்றது. சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தொழுகை நடத்துகிற லெப்பை அதில் சாக்கை அடைத்து வைத்தார். அதற்கும் முந்தியே, உச்சியிலிருந்த குப்பா, அந்த உருண்டைக் கும்மட்டம், கூரையோடு சேருகிற இடத்தில் ஒழுகி, கீழே ஒரு மஞ்சள் வாளி வருஷக்கணக்கில் தொழுகைக்கு வருகிறவர்களோடு சேர்ந்து இருந்துகொண்டிருந்தது. 2006ஆம் வருஷம், இனிமேல் முடியாது, பக்கத்துக் காணியில் புதுசாகவே கட்டுவோம் என்று ஜமாஅத்தார் முடிவெடுத்தார்கள்.

ரஸாக்கின் மகள் அம்ராவுக்கு இருபத்திரண்டு வயது. இரத்தினபுரியில் கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைகிற கோர்ஸ் படித்து, சேர்ட்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் இருந்தாள். பள்ளி கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே வரைய உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நாள். அவளுடைய உம்மா உம்மு குல்தூம் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணு போகப் போகுது, பிறகு எவன் வந்து பொண்ணு கேப்பான் என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவாள்.

நாற்பத்தோராம் நாள் பிரிண்டரில் வந்த படத்தை ரஸாக் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். குப்பா கிடையாது. இரண்டு பக்கமும் நன்றாக இறங்குகிற கூரை. நாலு பக்கமும் காற்று வர ஓட்டை ஓட்டையாகச் சுவர். ஒரு மினாராக் கோபுரம், மெலிசாக, நேராக. கட்டாத பள்ளியின் சுவரில் வெயில் அடித்தது, தரையில் நிழல் விழுந்தது. பெத்த மகள்மேல் அன்றைக்கு அவருக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கூட்டம் அவர் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. றம்ஸான் ஹாஜியார் வந்திருந்தார். மாணிக்க வியாபாரி, ஆறடி உயரம், ஊரில் எந்தக் காரியமும் அவர் தலையாட்டாமல் நடக்காது. அவர் சட்டைப் பைக்குள்ளும் ஒரு படம் இருந்தது. சவூதிக் கலண்டரில் வெட்டியெடுத்த படம், ஒன்பது பச்சைக் குப்பா. ரஸாக் மேசையில் விரித்ததைப் பார்த்ததும் ஹாஜியாரின் கை பைக்குப் போகாமல் பாதியில் நின்றது. குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது கொழும்பு ஆர்கிடெக்ட் வேலையா?"

பொடியனும் இல்லாத, ஹாஜியும் இல்லாத, இருபத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை வரைந்தது என்று சொன்னால் ஹாஜியார் அந்தப் படத்தில் வடையை வைத்துத் தின்றுவிட்டு ஒன்பது குப்பாவை வெளியே எடுப்பார் என்பது ரஸாக்குக்குத் தெரியும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அம்ரா நிற்பதும் தெரியும். அதனால்தான் அந்த "ம்".

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கமிட்டிக்கு ஆயிரம் கேள்வி. ஆர்கிடெக்டிடம் எப்படிக் கேட்பது என்றார்கள். ஈமெயில்தான், என்று ரஸாக் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஹாஜியார் உடனே ஒரு துண்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார். ரஸாக் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே கீபோர்டு சத்தம், பிறகு பிரிண்டர் சத்தம். ஐந்து நிமிஷத்தில் சுடச்சுடப் பதிலோடு வெளியே வந்தார். அரசாங்கக் கச்சேரிக்கு எழுதினால் அஞ்சு மாசம் போகுது, கொழும்புக்காரன் அஞ்சு நிமிஷத்துல பதில் போடுறானே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் இதுவே வழக்கமாகிப் போனது. ஒருதடவை பதில் வந்த தாளின் மூலையில் மஞ்சள் விரலடையாளம் இருந்தது. பிரிண்டர் மை ஒழுகுது என்றார் ரஸாக்.

குப்பா இல்லாமல் பள்ளியா என்று ஹாஜியார் கேட்டு எழுதியதற்கு வந்த பதிலைத்தான் ஊரே மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. "குப்பா வைக்கலாம். அந்த மஞ்சள் வாளியை எந்த இடத்தில் வைப்பது என்று கமிட்டி தீர்மானித்து அறிவித்தால் படத்தில் சேர்த்துவிடுகிறேன்." ஹாஜியாரே சிரித்துவிட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். கொழும்பில இருக்கிறவனுக்கு எங்கட வாளி எப்படித் தெரியும் என்று கேட்டார். நான்தான் சொல்லி வச்சேன் என்று ரஸாக் தோளில் கிடந்த லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

வேலையை எடுத்தது சின்னத்தம்பி பாஸ். மேல்லயத்துக்காரர், மேசன்; கட்டட வேலைக்காரரை இங்கே பாஸ் என்பார்கள். சுத்துப்பட்டில் சிங்களவர் வீடு, கோயில், பௌத்தப் பன்சலை மதில் எல்லாம் அவர் கைதான். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடம் என்றாலும் முதலில் தரையில் முளை அடித்து, கயிறு கட்டி, அதற்குள் ஆளை விட்டுப் பார்ப்பார். மண்சரிவுக்குப் பிறகு லயத்தில் புது வீடு கட்டினபோது அப்படித்தான். கயிற்றுக்குள் பாயைப் போட்டு, ஒரு குடும்பத்தையே பட்டப்பகலில் படுக்கச் சொல்லி, கால் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அஸ்திவாரம் வெட்டினார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டவர்களிடம், தாளு பொய் சொல்லும், ஆளு சொல்லாது என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்.

பள்ளிக்கும் அதையே செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து, மழை தூறிக்கொண்டிருந்த நேரம். காணி முழுக்கக் கயிறு. ஸஃப்பு ஸஃப்பாக, அதாவது தொழ நிற்கிற ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கயிறு. மொத்தம் பதினோரு ஸஃப்பு, பழைய பள்ளியில் எத்தனையோ அத்தனை. "எல்லாரும் உள்ள வந்து, நீங்க கும்புடுற மாதிரியே ஒருக்கா செஞ்சு காமிச்சிருங்க" என்றார் சின்னத்தம்பி. சாக்கை விரித்து ஜமாஅத்தார் வரிசையாக நின்றார்கள். முதல் ஸஃப்பில் ஹாஜியார், கடைசி ஸஃப்பில் வழக்கம்போல ரஸாக். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவருகிறவருக்கு என்றைக்கும் கடைசி ஸஃப்புதான்.

குனிகிற ருகூவு வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. நெற்றியைத் தரையில் வைக்கிற ஸுஜூதுக்குப் போனார்கள் பாருங்கள், பின்னால் நின்ற பத்து ஸஃப்பிலும் ஒரே நேரத்தில் தலை போய் முன்னால் இருந்தவர்களின் குதிகாலில் முட்டியது. ஒருவருடைய தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது. ஒருவர் முன்னால் இருந்தவரின் சாரத்துக்குள் மூக்கை விட்டுவிட்டு எழும்ப முடியாமல் கிடந்தார். வயசான ஒருவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

ஹாஜியார் எழும்பி, முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "இந்த ஆர்கிடெக்ட் ஆளு எவ்வளவு உசரம்?"

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அந்த ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தன்னிடம் வேறு படம் இருக்கிறது என்று ஹாஜியார் சொல்லிவிட்டு நடந்தார். சட்டைப் பைக்குள் அந்த ஒன்பது குப்பா இன்னும் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த ரஸாக் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, ஒரு ஸஃப்புக்கு எத்தனையடி போட்டாய் மகள் என்று கேட்டார். மூன்றரை என்றாள் அம்ரா. மூன்றரை என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"புத்தகத்துல இல்ல வாப்பா. ஒங்களிட்டத்தான் கேட்டேன், ஒரு ஆளுக்குத் தொழ எவ்வளவு இடம் வேணுமெண்டு. கடையில யாவாரம், நீங்க திரும்பிக்கூடப் பாக்கல்ல. ஒரு ஆள அளந்து போடு எண்டீங்க."

"யார அளந்தாய்?"

"என்னைய. முஸல்லாப் பாய விரிச்சு ஸுஜூது செஞ்சு, உம்மாவ வச்சு டேப்பால அளந்தேன்." அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். "ஆளெண்டா நானும் ஆள்தானே வாப்பா."

ஐந்தடிக்கும் குறைவான மகள், பள்ளிக்குள் ஒரு நாளும் கால் வைக்காத மகள், அவர் வாயால் சொன்னதையும் தன் உடம்பையும் வைத்து ஒரு பள்ளியையே வரைந்திருக்கிறாள். தப்பு யாருடையது என்று யோசித்தால் அது திரும்பித் திரும்பி அவரிடமே வந்தது. உம்மு குல்தூம்தான், இப்ப அழுது ஆகப்போறது ஒண்டுமில்ல, போய் ஹாஜியாருக்கு ஈமெயில அடி என்று மகளிடம் சொன்னாள்.

மறுநாள் ஹாஜியார் கைக்கு ஈமெயில் போனது. அளவில் பிழை நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும், ஜமாஅத்தில் ஆக உயரமானவர் எவரோ அவருடைய ஸுஜூதை அளந்து அனுப்பினால் பள்ளி முழுவதையும் அந்த அளவிலேயே அமைக்கலாம் என்று எழுதியிருந்தது. ஆக உயரமானவர் யார் என்பதில் ஊரில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஹாஜியார் இரண்டு தரம் படித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து காணியில் ஸுஜூது செய்தார். சின்னத்தம்பி பாஸ் டேப்பைப் பிடித்தார். அளவு சரிவர வராதோ என்று ஹாஜியார் இன்னும் இரண்டு தரம் செய்து காட்டினார். நாலடி இரண்டு அங்குலம்.

"அப்ப மொத்தப் பள்ளியும் என்ட அளவுலதானா?" என்று போகிற வழியில் மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம் ரஸாக் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பின்னேரம் சின்னத்தம்பி பாஸ் கணக்கோடு வந்து நின்றார். நாலடி இரண்டு அங்குலத்தைப் பதினோரு தரம் போட்டால் நாற்பத்தைந்தடி பத்து அங்குலம். சுவர் போகக் காணியில் மிஞ்சுவது நாற்பத்தைந்து அடிதான். பத்து அங்குலம் தோட்டத்துத் தண்ணி ஓடுகிற கானுக்குள் போகிறது. தோட்டத்துக்காரர்கள் கானில் பத்து அங்குலம் இல்லை, பத்துச் சொட்டுத் தண்ணிகூடத் தரமாட்டார்கள். ஒரு ஸஃப்பைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, பழைய பள்ளியில் பதினொன்று, புதுப் பள்ளியில் அதைவிடக் குறையக் கூடாது என்று கமிட்டி ஒரே குரலில் சொல்லிவிட்டது. இதுக்கெண்டாவது அந்த மனுசன் வெள்ளிக்கிழமை வரட்டும் என்றார் ஹாஜியார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் ஆபத்து. வந்தால் வாசல் கல்லில் அவருடைய பெயரையும் வெட்டுவோம், இரத்தினபுரியில் கல் வெட்டுகிறவனிடம் சொல்லியாகிவிட்டது, பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கோ ரஸாக் என்று ஒரு வெள்ளைத் தாளையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள் மூன்று நாள் கடை மேசையில் வெள்ளையாகவே கிடந்தது. ஆர்கிடெக்ட் டுபாய்க்குப் போய்விட்டார் என்று சொல்லலாமா, மௌத்தாகிவிட்டார் என்று சொல்லலாமா என்று ரஸாக் யோசித்தார். மௌத்து என்றால் செத்தவருக்கு யாஸீன் ஓதவேண்டும் என்பார்கள். இல்லாத ஆளுக்கு யாஸீன் ஓதி அந்தப் பாவத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வியாழக்கிழமை சீமெந்துக்குச் சொல்ல வந்த சின்னத்தம்பி பாஸ் தாளைப் பார்த்தார். மழை பிடித்திருந்தது. உம்மு குல்தூம் கொடுத்தனுப்பிய பிளேன்டீயைக் கருப்பட்டித் துண்டோடு குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. இந்தப் படம் கொழும்பு ஆளு போட்டது இல்லீங்க."

ரஸாக்கின் கையிலிருந்த ஆணிப் பெட்டி மேசையில் கொட்டியது.

"நோம்புக் கஞ்சி ஆக்கிற எடம் போட்டிருக்காங்களே, பின்பக்கமா. நானும் நெறய ஆர்கிடெக் படம் பாத்திருக்கேன். பள்ளிக்குக் கஞ்சி மடுவம் போட்ட ஆளே கெடையாது. இதுல மூணு அண்டாவுக்கு மூணு அடுப்பு. கஞ்சி குடுக்கிற ஜன்னலு ரெண்டே முக்கா அடியில, வாளி தூக்கிட்டு வர்ற சின்னப் புள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி. வரிசையில நிக்கிறவங்க நனையாம இருக்க வெளியே தகரக் கூரை. என் பொஞ்சாதி வெள்ளையம்மா முப்பது வருசமா லயத்துல இருந்து வாளியோட வந்து அந்த வரிசையில நனையுறா. அவகிட்ட படத்தக் காமிச்சேன். பாத்ததும் சொல்லிட்டா, 'இது அந்த வரிசையில வாளியோட நின்ன பொம்பளப் புள்ள போட்டது'ன்னு." டீயை முடித்துக் கோப்பையை வைத்தார். "சின்னப் புள்ளையில ஒங்க பாப்பா எங்க வெள்ளையம்மாவுக்கு முன்னாலதானுங்க நிக்கும். நானு யாருகிட்டயும் சொல்லல."

அவர் போன பிறகு ரஸாக் பேனாவை எடுத்தார். மனுசரிடம் பொய் சொல்லி மூன்று மாதம் சமாளித்தாயிற்று. அல்லாஹ்வுடைய வீட்டு வாசலில், கல்லில் வெட்டி வைக்கிற பொய்யை எப்படிச் சொல்வது? எழுதி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளி வராந்தாவில் கமிட்டி கூடியது. ஆள் எங்கே என்றார் ஹாஜியார். ரஸாக் தாளை நீட்டினார். ஹாஜியார் விரித்து, சத்தமாகவே வாசித்தார்: "அப்துல் ரஸாக் மகள் அம்ரா."

மூன்று மாதமும் ரஸாக் கற்பனையில் கேட்ட ஏச்சு ஒன்றும் வரவில்லை. உள்ளே கூரையிலிருந்து மஞ்சள் வாளிக்குள் தண்ணி சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு ரஸாக்தான் பேசினார். கொழும்பும் இல்லை, ஈமெயிலும் இல்லை, அடுப்படிக்குப் பக்கத்து அறைதான், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கோ, நாற்பது நாள் கண்முழித்த பிள்ளையை ஒன்றும் சொல்லவேண்டாம் என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருவர் மெல்ல, அப்ப அந்த மஞ்சள் விரலடையாளம், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஹாஜியாரின் கை சட்டைப் பைக்குப் போனது. கலண்டர்ப் படத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஹாஜியாரும் பார்த்தார். ஒன்பது குப்பாப் பள்ளி யாருடைய அளவில் கட்டியதோ, அவருக்குத் தெரியாது. இது அவருடைய அளவு. நாலடி இரண்டு அங்குலம். ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று. படத்தை மறுபடி உள்ளே தள்ளினார்.

"என்ட அளவுல கட்டுற பள்ளிய நானே வேணாமெண்டு செல்லவா?" என்றார். "ஆனா அந்தப் பத்து அங்குலத்துக்கு ஒரு வழி செல்லச் சொல்லுங்கோ. புள்ள ஒருக்காலும் உள்ளுக்குப் பாக்காமத்தானே வரைஞ்சீக்கு. நாளைக்குக் காலம கூட்டிக்கொண்டு வாங்கோ, வந்து பாக்கட்டும்."

சனிக்கிழமை காலை பத்து மணி. பள்ளியில் ஆளில்லாத நேரம். லெப்பை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்ராவும் உம்மு குல்தூமும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஒன்பது வயதில் வாளியோடு பின்பக்கம் நின்ற இடத்துக்கு, இருபத்திரண்டு வயதில் முன்பக்கமாக வந்து சேர்ந்தாள். உள்ளே போய் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். தூணைத் தொட்டாள். தரையில் ஸஃப்புக்காகப் போட்டிருந்த பச்சைக் கோடுகளை விரலால் எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பிறகு வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, நாலு தூணெண்டு செல்லித் தந்தீங்க, ஆறு ஈக்கு. மிம்பர் மேடை இந்தப் பக்கமெண்டீங்க, அந்தப் பக்கம் ஈக்கு. பதினோரு ஸஃப்பெண்டீங்க. ஒம்பதுதான் ஈக்கு. நாப்பது வருஷமா நீங்க எந்தப் பள்ளிக்கு வாப்பா தொழப் போனீங்க?"

ரஸாக் கூரையைப் பார்த்தார். பதினொன்றுதான் என்று ஹாஜியார் ஆரம்பித்தார். ஆனால் அவரும் விரலை நீட்டி எண்ண வேண்டியிருந்தது. ஒன்பது. லெப்பையும் எண்ணினார். ஒன்பது. முதல் ஸஃப்பில் நிற்கிற ஹாஜியார் ஒரு நாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. கடைசி ஸஃப்பில் நிற்கிற ரஸாக் முதுகுகளைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை. ஒருவர் பதினொன்று என்று சொல்ல, மற்றவர் அதையே சொல்லி, அப்படியே ஊர்க் கணக்கு ஆகிப்போனது.

அம்ரா பையிலிருந்து தாளை எடுத்துச் சுவரில் வைத்துக் கணக்குப் போட்டாள். ஹாஜியாருக்குக் காட்டாமல் வாப்பாவுக்குக் காட்டினாள், ஆனால் ஹாஜியாருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஹாஜியார்ட அளவுல ஒம்பது ஸஃப்பு, முப்பத்தேழரை அடி. பழைய பள்ளியில ஈக்கிறது ஒண்டும் குறையல்ல. பின்னுக்கு ரெண்டு ஸஃப்பு என்ட அளவுல, ஏழடி. மொத்தம் பதினொண்டு. கமிட்டி செல்லின கணக்கும் சரி. காணியில இன்னும் அரையடி மிச்சம். அதுல திரையப் போடலாம்."

"அந்த ரெண்டு ஸஃப்புல யாரு?" என்று கேட்டார் ஹாஜியார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்ரா உம்மாவைப் பார்த்தாள். ஹாஜியார் லெப்பையைப் பார்த்தார். பெண்கள் வந்து தொழ மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை, இங்கே இடம்தான் இருக்கவில்லை என்றார் லெப்பை. ஹாஜியார் தாளை வாங்கி, நாலடி இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்த இடத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பத்து அங்குலத் தகராறும் தீர்ந்தது, அவருடைய அளவிலும் கை வைக்கவில்லை.

"அப்ப பாஸிட்டச் செல்லுங்கோ" என்றார்.

வெளியே காணியில் சின்னத்தம்பி பாஸ் கயிற்றை மாற்றிக் கட்டினார். தூறல் விடவில்லை. கட்டி முடித்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்ன பாஸ் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், வெட்டுங்கோவன் என்றார் ரஸாக்.

"ஆளு நிக்காம நானு வெட்ட மாட்டேங்க, மொதலாளி" என்றார் பாஸ். "முன்னால ஒம்பதுக்கும் ஹாஜியாரே நின்னு அளந்தாச்சு. இந்த ரெண்டுக்கும் நிக்கலியே."

அம்ரா ஒரு அடி எடுத்து வைத்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் உம்மு குல்தூம் போய்விட்டாள். எவன் வந்து பொண்ணு கேப்பான் என்று நாற்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தவள், செருப்பைக் கழற்றி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். அம்ரா அவளுக்குப் பின் ஸஃப்பில் நின்றாள். ஆண்கள் எல்லாரும் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், ஹாஜியார் முதலில். ரஸாக் மட்டும் பாதி திரும்பி நின்றார்.

உம்மு குல்தூம் சாக்கின்மேல் நெற்றியை வைத்தாள். அளந்து பார்க்கத்தான் சொன்னார்கள். அவள் உடனே எழும்பவில்லை. பின்னால் மகளின் தலை தன் காலில் முட்டுகிறதா என்று இருந்து பார்த்தாள். முட்டவில்லை. பிறகு நிமிர்ந்து, முக்காட்டில் ஒட்டியிருந்த மழைத்தண்ணியைத் துடைத்தாள்.

"இந்த இடம் காணும் பாஸ்" என்றாள். "வெட்டுங்க."